விட்டு வைத்த இரண்டு வரி

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவே அவருக்கு ஒரு பெருமையாகிவிடும். எங்கள் ஆலையில் எல்லோரும் அவரை 'இன்சார்ஜ் சார்' என்றோம். முதுகுக்குப் பின்னால் என்னவெல்லாம் சொன்னோம் என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஷிப்டு முடியும்போதும் லாக் புக்கில் என்ன நடந்தது என்று எழுதுவார். எழுதி முடித்ததும் உடனே கையெழுத்துப் போட மாட்டார். இரண்டு வரி காலியாக விட்டு, அதற்குக் கீழே போடுவார். எப்போதும் இரண்டு வரிதான். முதலில் நான் அதை அழகுக்காக என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு பம்ப் எரிந்துபோனது. மறுநாள் ஆலைத் தலைவர் வந்து கேட்டபோது, இன்சார்ஜ் அலட்டிக்கொள்ளாமல் நோட்டைத் திருப்பிக் காட்டினார். முந்தின நாள் என் கண்ணாலேயே காலியாகப் பார்த்த அந்த இரண்டு வரியில், எறும்பு ஊர்ந்தது மாதிரி பொடி எழுத்தில், பம்பில் சத்தம் வருவதாகவும் கவனிக்கச் சொல்லி மெயின்டனன்ஸ் ஆளிடம் சொன்னதாகவும் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"நான் அப்பவே எழுதி வெச்சிருக்கேன் பாருங்க சார்" என்றார்.

மெயின்டனன்ஸ் ஆள் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அந்த முந்தின நாள் அவனுக்கு வாரவிடுப்பு. அதைச் சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அவருடைய சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா இருக்கும். அதை யாருக்கும் தர மாட்டார். கூரியர்காரன் கையெழுத்து வாங்கப் பேனா கேட்டால் தொலைவில் மேசையில் கிடக்கும் வேறொன்றைக் காட்டுவார். நாள் மாறினாலும் மை மாறக் கூடாதே, அதற்காக. என் வாழ்க்கையில் ஒரு பேனாவை இவ்வளவு வெறுத்ததில்லை.

ஆலையில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அவர் செய்தது என்னவென்று உங்களுக்குப் புரியாது. மக்காச்சோள மாவிலிருந்து சர்க்கரைப் பாகு எடுக்கிறோம். குளிர்பானத்துக்கும் பிஸ்கட்டுக்கும் போகிற பாகு. அதில் இரண்டு சர்க்கரை கலந்திருக்கும். ஒன்று குளுக்கோஸ். இன்னொன்று பழத்தில் இருக்கிற ஃபிரக்டோஸ், அதற்குத்தான் தித்திப்பு அதிகம், அதுதான் வேண்டும். இரண்டும் ஒரே நிறம், ஒரே பிசுக்கு, கண்ணால் பிரிக்க முடியாது. அதற்காக ஆறு இரும்பு டவர் நிற்கிறது. ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். உள்ளே முழுக்க ரெசின் மணிகள். தேன் நிறத்தில், மீன் சினை அளவில், கோடிக்கணக்கில். மேலே பாகையும் சுடுதண்ணீரையும் விட்டால் ஃபிரக்டோஸை அந்த மணிகள் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், குளுக்கோஸ் நிற்காமல் முன்னால் ஓடிவிடும். முதலில் வருவதை ஒரு குழாயிலும் பின்னால் வருவதை இன்னொன்றிலும் பிடித்துக்கொள்வோம். சில நிமிடத்துக்கு ஒரு முறை வால்வுகள் தானாக மாறும். இப்போது பாகு வாங்குகிற டவர் அடுத்து தண்ணீர் வாங்கும். ஆறும் முறை வைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதை எனக்கு இன்சார்ஜ் சொல்லித் தரவில்லை. பொன்னேரியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு லேப் அசிஸ்டென்டாக வந்தவளிடம், "மேனுவல் இருக்கு, படிம்மா" என்றதோடு சரி. சொன்னது தேசண்ணன். என் பெரியப்பா மகன் தேசப்பன். எனக்கு முன்பே அங்கே டவர் ஆபரேட்டராக ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தது. பத்தாவது தாண்டவில்லை.

"இன்னா பாப்பா முயிக்கிற? நம்ம பாடு மாதிரிதான் இது. இப்ப இந்த டவரு பாகு வாங்குற முறை. அப்பால அத்தோட முறை. முறை மாறினே இருக்கும். சண்டையே கெடையாது."

பாடு என்றால் எங்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். இன்று எனக்குப் பாடு என்றால் அந்த இடம் இன்று என்னுடையது. பக்கத்தில் அடுத்தவனுடைய வலை அறுந்து இறாலெல்லாம் போனாலும் அவனைக் கூவிக் கூப்பிடுவோமே தவிர, நாம் கை வைக்க மாட்டோம். கை வைத்தால் நல்லதுக்குத்தான் வைத்தேன் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஊர் அபராதம் போடும்.

தேசண்ணனும் இன்னும் இரண்டு பேரும், மூவரும் எங்கள் பக்கத்துக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள், டவர்களையும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். மாதம் பிறந்ததும் கேன்டீனில் சீட்டு. ஆளுக்கு இரண்டு டவர். அவரவர் டவரின் அழுத்தமும், உள்ளே தண்ணீர் மட்டம் காட்டுகிற சைட் கிளாஸும், சாம்பிள் குழாயும் அவரவர் பொறுப்பு. அந்த ஏற்பாடு வந்த பிறகு என் லேபுக்கு வந்த சாம்பிள்கள் தவறியதே இல்லை. பாகின் சுத்தமும் கூடியது.

இன்சார்ஜுக்கு இது தெரிந்ததும் முதலில் சிரித்தார். "டவர் என்ன ஏரியா? மீன் பிடிக்கிறீங்களா இங்க?" என்றார். அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களிடம், டவருக்கு ஒரு ஆள் பொறுப்பு என்கிற முறையைத் தான் கொண்டுவந்ததாகச் சொன்னார். லாக் புக்கைத் திருப்பினேன். நாலு மாதத்துக்கு முந்தின ஒரு பக்கத்தில், கடைசி இரண்டு வரியில், அந்த யோசனை ஏற்கெனவே அவருக்கு உதித்திருந்தது.

சொந்தமாக்கிக்கொண்ட பிறகு கெடுபிடி வேறு. "ஒருத்தன் வால்வை இன்னொருத்தன் தொட்டான்னு கேள்விப்பட்டேன், கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்" என்று மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். இதை மட்டும் அவர் எங்கும் எழுதவில்லை.

எங்கள் மேல் மீன் நாற்றம் அடிக்கிறது என்பது அவருடைய தீராத குறை. கம்பெனி வேனிலிருந்து நாங்கள் இறங்கி கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வாசனை டப்பாவை எடுத்துப் பீய்ச்சுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எங்களைப் பார்க்கவும் மாட்டார். பீய்ச்சிவிட்டு வேலையைப் பார்ப்பார். நான் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவேன், முகத்தில் பவுடர் வேறு. அந்த 'புஸ்' சத்தம் கேட்டதும் உடம்பு கூசிப்போகும். எதிரே நிற்கிற எல்லப்பண்ணன் மட்டும், "இன்னா சார், கொசுவா?" என்று கேட்கும். எல்லப்பண்ணன் அந்த மூன்று பேரில் மூத்தது.

ஒரு முறை புது ரெசின் டவரில் நிரப்பும்போது ஒரு பை கிழிந்து மணிகள் தரையில் கொட்டிவிட்டன. கால் வைத்தவரெல்லாம் வழுக்கி விழுந்தார்கள். தேசண்ணன் உட்கார்ந்து ஒரு கை அள்ளி, "அச்சு அசல் மடவை சினையே" என்றது. எல்லோரும் சிரித்தோம். இன்சார்ஜுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"எதைப் பார்த்தாலும் மீனு. உங்களுக்கெல்லாம் தலைக்குள்ள என்ன இருக்கு?" என்றார். சாப்பாட்டு மணி அடித்தும் யாரையும் விடவில்லை. தரையில் கிடந்த கடைசி ரெசின் மணி வரைக்கும் அள்ளச் சொன்னார்.

அதே மனிதருக்கு எங்கள் ஏரி நண்டென்றால் உயிர். மேலே இருந்து யாராவது பெரிய ஆள் வந்தால் பழவேற்காட்டு நண்டோ இறாலோ இல்லாமல் விருந்து கிடையாது. அதற்குத் தேசண்ணன்தான் போக வேண்டும். "உனக்குத்தான்பா நல்லது தெரியும்" என்று தோளில் கை போடுவார். ஷிப்டு நடுவில், வேலையில் இருக்கிற ஆளை, தன் பைக்கையே கொடுத்து அனுப்புவார். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு போன் போட்டு, "நம்ம ஆளு வருவான், ரிஜிஸ்டர்ல ஏத்த வேண்டாம்" என்பார். தேசண்ணனும் போகும். ஒப்பந்தத்தில் இருக்கிற ஆள், போக மாட்டேன் என்று சொல்லவா முடியும்?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் சாம்பிள் எடுக்கும்போது கொதிக்கிற பாகு என் கையில் பட்டுவிட்டது. பாகு ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. நான் கத்தியதும் முதலில் ஓடிவந்தவர் அவர்தான். என் கையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் நீட்டி, இருபது நிமிடம், வாட்சைப் பார்த்துக்கொண்டே, விடாமல் பிடித்திருந்தார். "அழாதம்மா, தழும்பு வராது" என்றார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், உன் வயசுதான் என்றார். வேனில் வீட்டுக்குப் போகும்போது, இவரைப் போயா அப்படிப் பேசினோம் என்று மனசு இளகிவிட்டது. தழும்பும் வரவில்லை.

மறுநாள் காலை லாக் புக்கில் பார்த்தேன். கையுறை போடாமல் சாம்பிள் எடுக்கக் கூடாது என்று லேப் அசிஸ்டென்டை இரண்டு முறை எச்சரித்ததாக அந்த இரண்டு வரி சொன்னது. கையுறை ஒரு மாதமாக ஸ்டோரில் இல்லை, அவரிடமே கேட்டிருந்தேன். மகள் வயது என்றாரே, அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கேட்கவும் செய்தேன். "சார், நீங்க அப்படிச் சொல்லவே இல்லையே?"

அவர் நிமிர்ந்து, கோபமே இல்லாமல், பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார். "இங்க பாரும்மா. எழுதினதுதான் நடந்தது. எழுதாதது நடக்கவே இல்ல. இதை நீ கத்துக்கிட்டா பொழைச்சுக்குவ."

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் மதியத்துக்கு வருவதாக இருந்தது. காலை பத்தரை மணிக்கு மேல் இன்சார்ஜ் தேசண்ணனைக் கூப்பிட்டு பைக் சாவியைக் கொடுத்தார். அந்த மாதம் மூன்றாவதும் நாலாவதும் தேசண்ணன் டவர். அது எல்லப்பண்ணனிடம், "பாத்துக்கோண்ணா, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

பதினொன்றே காலுக்கு நாலாவது டவரின் மேல் வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டது. மேலிருந்து எதுவும் வரவில்லை, கீழே பம்ப் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. சைட் கிளாஸில் மட்டம் இறங்க ஆரம்பித்தது. ரெசினுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், மட்டம் ரெசினுக்குக் கீழே போனால் காற்று புகுந்துவிடும். எல்லப்பண்ணன் பார்த்தது. பக்கத்து டவரில்தான் நின்றுகொண்டிருந்தது. கீழ் வால்வை மூடினால் போதும், இரண்டு திருகு. மூடவில்லை. போனை எடுத்துத் தேசண்ணனைக் கூப்பிட்டது.

நான் சாம்பிள் பாட்டிலோடு அங்கே போனபோது எல்லப்பண்ணன் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"மூடுண்ணா!" என்றேன்.

"அவன் டவரும்மா. அவன் வந்து..."

"அய்யோ, மட்டம் போவுதுண்ணா!"

"தொட்டா வெளிய நிக்கணும்னு சொல்லிக்கீறாருல்ல? அவன் போன எடுக்க மாட்றான்பா" என்றது. முகமெல்லாம் வேர்வை. ஐம்பது வயது மனிதர், அடுத்தவன் பாடு எதிலும் பட்டறியாத கை, வால்வுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. பழவேற்காட்டு மார்க்கெட்டில் ஏலக் கூச்சலுக்கு நடுவே போன் சத்தம் எப்படிக் கேட்கும்? நான் போய் மூடினேன். ஆனால் அதற்குள் மட்டம் ரெசினுக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் வடிந்துபோய், கெட்டிப் பாகில் ஊறிய மணிகள் மட்டும் உள்ளே நின்றன.

அப்போதும் பிழைத்திருக்கும். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அப்போதும் பிழைத்திருக்கும். பாகில் ஊறிய மணி வெறும் தண்ணீரைத் திடீரென்று கண்டால் உப்பி வெடிக்கும். அதனால் கீழேயிருந்து, மெதுவாக, நீர்த்த பாகை ஏற்ற வேண்டும். காற்றும் மேல் வழியாகப் போய்விடும், மணியும் உடையாது. மேனுவலில் இருக்கிறது. போனில் கடைசியாகக் கிடைத்த தேசண்ணனும் அதையேதான் கத்தியது. எல்லப்பண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது. "கீயருந்து ஏத்துங்க! மெதுவா! மேல தொறக்காதீங்க சார்!"

இன்சார்ஜ் ஓடிவந்திருந்தார். கேட்டில் தலைமை அலுவலகக் கார் முன்கூட்டியே வந்துவிட்டதாக அப்போதுதான் செய்தி வந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நிறுத்துடா உன் உபதேசத்தை" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே மேலே, சிக்கிய வால்வைச் சுற்றிக்கொண்டு போகிற பைபாஸ் வால்வைத் திறந்து சுடுதண்ணீரை ஒரேயடியாக விட்டார். கண்ணாடியில் மட்டம் சரியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஐந்து நிமிடத்தில் மட்டம் ஏறிவிட்டது. ஒரு மணி நேரத்தில் கீழே சல்லடை அடைத்துக்கொண்டது. மறுநாள் டவரைத் திறந்தபோது மணிகள் இல்லை. ரவைதான் இருந்தது.

விசாரணை மூன்றாம் நாள் நடந்தது. ஆலைத் தலைவர் அறை. லாக் புக் மேசை மேல் விரிந்து கிடந்தது. அந்த இரண்டு வரி இந்த முறை நாலு வரிச் செய்தியைத் தாங்கி நின்றது. 'ஆபரேட்டர் தேசப்பன் அனுமதி இல்லாமல் தன் இடத்தை விட்டுப் போனார், மெதுவாகக் கீழிருந்து நிரப்பும்படி நான் சொன்னேன், ஆபரேட்டர்கள் பதற்றத்தில் மேலிருந்து திறந்துவிட்டார்கள்.'

"சார்தான் நண்டு வாங்க அனுப்புனாரு" என்றது தேசண்ணன்.

"கேட் ரிஜிஸ்டர்ல இருக்கா?" என்றார் இன்சார்ஜ், தலைவரைப் பார்த்து. இல்லை.

எல்லப்பண்ணனிடம் கேட்டார்கள். 'நான் வால்வைத் தொடவே இல்லை' என்பதைத் தவிர அதற்கு வேறு எதுவும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. பிறகு என்னிடம் திரும்பினார்கள். லேப் ரிஜிஸ்டரில் சாம்பிள் நேரம் என் கையெழுத்தில் இருந்தது, ஆகவே நான் அங்கே இருந்திருக்கிறேன். குறிப்பு எழுதும் கட்டம் காலி.

"மேலே பைபாஸ் வால்வை யாரும்மா திறந்தது?"

எனக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் அந்த மாதம் வரவேண்டியது. இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டால்தான் வரும். அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். தேசண்ணன் என்னைப் பார்த்தது, தைரியமாக, தங்கச்சி சொல்லிவிடும் என்கிற முகத்தோடு.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

அன்று மாலையே தேசண்ணனை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் என் கடிதம் வந்தது. வீட்டில் நைனாவிடம் காட்டினேன். வலையை ஒதுக்கி வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். "தேசப்பன் உனக்கு இன்னா கொறை வெச்சான்?" என்று மட்டும் கேட்டு, கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

கம்பெனி வேலைக்குப் போனவர்களின் பெயரைப் பாடு போடுகிற சீட்டிலிருந்து ஊர் எடுத்துவிட்டிருந்தது. திரும்பி வந்தால் உடனே சேர்க்க மாட்டார்கள். காத்திருக்க வேண்டும். ஏரியில் பிறந்து வளர்ந்த தேசண்ணன் மூன்று வருஷம் அடுத்தவன் படகில் கூலிக்குப் போனது. தெருவில் எதிரே வந்தால் என்னைப் பார்த்து, "வேனு வந்துச்சா பாப்பா?" என்று கேட்கும். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

போன மாதம் இன்சார்ஜுக்குப் பதவி உயர்வு வந்தது. வேறு ஊரில் பெரிய ஆலை. வழியனுப்பு விருந்துக்கு அவர் யாருக்கு போன் செய்தார் தெரியுமா? தேசண்ணனுக்கு. "கடைசி தடவைப்பா, நல்ல நண்டாப் பார்த்துக் கொண்டா" என்றாராம். வெட்கம் என்கிற ஒன்று மனிதருக்கு இருக்கும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

தேசண்ணன் வந்தது. நான் கேட் பக்கம் லாரி சாம்பிள் வாங்க நின்றிருந்தேன். ஓலைக் கூடையில் நண்டு, உயிரோடு, கால் கட்டி. செக்யூரிட்டி, "சார் சொல்லிட்டாருப்பா, உள்ள போ" என்றான்.

"எயுதிக்கோ" என்றது தேசண்ணன்.

"வேணாம்பா, போ."

"எயுதாம நான் உள்ள வர மாட்டேன். பேரு எயுது. நேரம் எயுது. யார பாக்கன்னு ஒரு கட்டம் கீதுல்ல? இன்சார்ஜ் சாருன்னு எயுது. எதுக்குன்னு கேட்டுக்கீதுல்ல? நண்டு கொண்டாற சொல்லி அவுரே போன் பண்ணி கூப்ட்டாருன்னு எயுது. இதுக்கு முன்னாடி பதினோரு தபா கூப்ட்டாரு, அத்த எயுத எடம் கீதா பாரு."

செக்யூரிட்டி என்னைப் பார்த்தான். பிறகு அவன் எழுதினான்.

"பாப்பா, சரியா எயுதிக்கீறானான்னு படிச்சுக் காட்டு" என்றது.

படித்தேன். பெயர், நேரம், யாரைப் பார்க்க, எதற்கு. தேசண்ணன் தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டது. "எம் பேரு சீட்டுல ஏறிடுச்சு பாப்பா. இது எம் பாட்டுல புடிச்ச நண்டு" என்றது. கேன்டீனில் கூடையைக் கொடுத்துவிட்டு, அவரைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டது.

லேபுக்குப் போய் மூன்று வருஷத்துக்கு முந்தின என் ரிஜிஸ்டரை எடுத்தேன். அந்தத் தேதி. அந்த நேரம். குறிப்புக் கட்டம் அப்படியே காலியாக இருந்தது. என் கையெழுத்து மாறவில்லை, மையும் அதே நீலம்தான், இப்போது அதில் எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பேனாவை வைத்துவிட்டேன். பிறகு எழுதி முந்தின நாள் கட்டத்தில் நுழைப்பது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும். உண்மையாகவே இருந்தாலும் அங்கே அது அவருடைய எழுத்தாகத்தான் இருக்கும்.

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தேன். மேலே அன்றைய தேதியைப் போட்டேன், நண்டு வந்த தேதியை. மேலே பைபாஸ் வால்வைத் திறந்தது யார், போனில் தேசப்பன் என்ன சொன்னார், ஒருவர் வால்வை ஒருவர் தொடக் கூடாது என்று சொன்னது யார், எல்லாம் எழுதினேன். கடைசியில், 'அன்று விசாரணையில் கவனிக்கவில்லை என்று பொய் சொன்னேன். வேலை போய்விடும் என்று பயம்' என்றும் எழுதினேன்.

கேன்டீனில் விருந்து நடந்துகொண்டிருந்தது. ஆலைத் தலைவரும் இன்சார்ஜும் எதிரெதிரே. இன்சார்ஜ் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார், இரண்டு கையும் முழங்கை வரை மசாலா. தாளைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் இடது கையால் வாங்கி நின்று படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இதை இப்ப எழுதி என்னம்மா ஆகப்போகுது? அந்த ஆளுக்கு வேலை திரும்ப வருமா?"

"வராது சார். அதை நான் கேக்கவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"நடந்தது இது சார்."

இன்சார்ஜ் தாளை எட்டிப் பார்த்தார். "சார், இந்தப் பொண்ணு அப்பவே சரியில்லைன்னு நான்..." என்று தொடங்கி, பழக்கத்தில் கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். மசாலாக் கை. வெள்ளைச் சட்டை. பேனாவைத் தொட முடியாமல் கை பாதியில் நின்றது.

"கையெழுத்து இல்லையேம்மா" என்றார் தலைவர்.

மறந்துவிட்டிருந்தேன். தாளை வாங்கி மேசையில் வைத்து, கடைசி எழுத்தை இடிக்கும்படி, ஒரு வரிகூட இடம் விடாமல் போட்டேன்.